வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, 'பள்ளிப் பிள்ளைகளும் டிஜிட்டல் குடிமைப் பொறுப்பும்'. தலைப்பு எழுதின துண்டுச் சீட்டை மூணு நாளா சாமி படத்துக்குப் பக்கத்தில் வச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடிமை என்றால் எனக்குத் தெரிந்தது ரேஷன் கார்டு, ஓட்டு, வீட்டு வரி. போனுக்குள்ள என்ன குடிமை இருக்கு என்று ஒன்றும் ஓடவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர், அதனால்தான் என்னைப் பேசச் சொன்னார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அது மட்டும் காரணம் இல்லை. என் வீட்டில் நடந்தது தலைவி அக்காவுக்குத் தெரியும். "வேற ஒண்ணும் படிச்சுட்டு வராண்டாம், அதைச் சொல்லு, போதும்" என்றார்கள். சொல்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். அவன் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் அவன் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று மேடையில் ஆடியது. யாரோ ஒரு பையன் கீழே இருந்து போட்டோ எடுத்திருக்கிறான். முடி கலைந்து, வாய் ஒரு பக்கமா கோணின நேரம் பார்த்து எடுத்தது. அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கீழே ஒரு கெட்ட வார்த்தையை எழுதி, வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராக ஆக்கிவிட்டார்கள். பையன்கள் குரூப்பில் "வீட்டுப்பாடம் முடிச்சியா" என்று ஒருத்தன் கேட்டால் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். "கிரிக்கெட் விளையாட வாறியா" என்றால் அந்த ஸ்டிக்கர். அது அடுத்த வகுப்புக்குப் போய், டியூஷன் குரூப்புக்குப் போய், கடைசியில் அந்தப் பிள்ளையின் அண்ணன் போனுக்கே வந்து விழுந்தது. ஒன்பது நாள் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வரவில்லை.

பத்தாம் நாள் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டார்கள். மேலாண்மைக் குழு விஷயம் ஏதோ இருக்கும் என்று நான் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். டீச்சர் போனைக் காட்டி, "இது யார் நம்பர்?" என்று கேட்டார்கள். என் நம்பர். டியூஷன் குரூப்புக்கு அந்த ஸ்டிக்கர் போனது என் நம்பரில் இருந்து.

2020-இல் பள்ளிக்கூடத்தைப் பூட்டினபோது ஆன்லைன் வகுப்புக்காக நம் குழுவில் உள்கடன் எடுத்து வாங்கின போன் அது. உங்களில் பாதிப் பேர் வீட்டுக்கும் போன் அப்படித்தான் வந்தது. மூணாம் வகுப்புப் பிள்ளை கையில் பாடம் படி என்று நாமே கொடுத்தோம். தட்டத் தெரிந்ததைப் பார்த்து, "எனக்குத் தெரியாதது எல்லாம் எம் பிள்ளைக்குத் தெரியும்" என்று பெருமையும் பட்டோம். விரல் வேகமா ஓடுகிறதுக்குப் பேர் தெரிவு இல்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சிரட்டை அகப்பையை எடுத்தேன். அவன் ஓடவில்லை. "நான் ஒண்ணும் செய்யல்லம்மா. போட்டோ எடுத்தது வேற ஆளு, எழுதினது வேற ஆளு. வந்ததை அனுப்பினேன், அவ்வளவுதான்" என்றான். ரெண்டு அடி கொடுத்தேன். அழுதுகொண்டே அவன் ஒன்று கேட்டான். "நீ மட்டும் அந்தச் சித்தி போட்டோவ எல்லாருக்கும் அனுப்பல்லியா?"

அகப்பை கையிலேயே நின்றுபோச்சு.

அந்தக் கதையும் சொல்லாமல் இருக்க முடியாது. இந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நம்ம உறுப்பினர் ஒருத்திக்கு நாலு தவணை பாக்கி. கொடை விழாவில் அவள் பட்டுச்சேலை கட்டி நின்றதை யாரோ போட்டோ எடுத்து, "தவணைக்குக் காசு இல்ல, பட்டுக்குக் காசு இருக்கு" என்று எழுதிக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நான் சிரித்த பொம்மை ரெண்டு சேர்த்து மூணு இடத்துக்கு அனுப்பினேன். பக்கத்துக் குழுவுக்கு ஒன்று, என் அக்காவுக்கு ஒன்று, இன்னொன்று யாருக்கு என்று எனக்கே இப்போது நினைவில்லை. பொறவுதான் தெரிந்தது, அது அவள் நாத்தனார் சேலை, அன்றைக்கு ஒரு நாளுக்கு இரவல். அவள் பாக்கித் தவணை எல்லாம் கட்டி முடித்துவிட்டுக் குழுவை விட்டுப் போனாள். நாம் தீர்மான நோட்டில் 'சொந்தக் காரணத்தால் விலகினார்' என்று எழுதினோம்.

என் மகன் அந்தப் போனில்தான் பாடம் படித்தான். நான் அனுப்பினதையும் படித்திருக்கிறான்.

அன்றைக்கு ராத்திரி எனக்கு உறக்கம் வரவில்லை. வந்ததை அப்படியே அனுப்பினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா? 2017 பிப்ரவரியில் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட்டார்களே, ஞாபகம் இருக்கா? அந்த ஊசி போட்டால் பிள்ளைக்குப் பின்னால் பிள்ளை பிறக்காது என்று என் வீட்டுக்காரர் போனில் ஒரு வாய்ஸ் வந்தது. நான் அதைக் கேட்டு என் மகனை ஊசி போடுகிற அன்றைக்கு வீட்டிலேயே நிறுத்திவிட்டேன். அங்கன்வாடி டீச்சர் தேடி வந்து சத்தம் போட்ட பிறகுதான் கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு அடுத்த வருஷம், 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று தமிழ்நாடு முழுக்க ஒரு வதந்தி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் குலதெய்வக் கோயில் தேடிப்போன ஒரு குடும்பம், வழியில் நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான் அவர்கள் செய்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று ஊர் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருத்தர் செத்துப்போனார். நாமும் கோயிலுக்குப் போகிற வழியில் பிள்ளைகளைக் கண்டால் மிட்டாய் கொடுக்கிறவர்கள்தான். இதுபோல நாடு முழுக்கப் பல உயிர் போன பிறகு, அந்த வருஷம் ஜூலையில்தான் வாட்ஸ்அப் கம்பெனி, இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த அஞ்சு என்கிற கணக்கு சும்மா வந்தது இல்லை. ஆனால் அஞ்சும் கம்மி இல்லை. நான் ஆளுக்கு அஞ்சு பேர் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5, 25, 125, 625, அஞ்சாவது சுற்றில் 3,125. நம்ம கூட்டமைப்பில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனிப் பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டிக்கர் சங்கதி வெளியே வந்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். பேனர் கட்டினார்கள். வெளியில் இருந்து ஒருவர் வந்து பேசினார். பெண் பிள்ளைகளை மட்டும் ஹாலில் உட்கார வைத்து, போட்டோ போடாதே, முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதே, போனைத் தொடாதே, வீட்டு மானம் உன் கையில் என்று ஒரு மணி நேரம். அந்த நேரம் பையன்கள் எல்லாம் கிரவுண்டில் பந்து விளையாடினார்கள். என் மகனும்தான்.

மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். எனக்கு அப்படி எழுந்து பேசிப் பழக்கம் கிடையாது, கை நடுங்கியது. "அந்தப் பிள்ளை போட்டோ போடவே இல்லியே டீச்சர். மேடையில ஆடத்தானே செய்தா. போட்டது எம் மகன். அவனை விளையாட விட்டுட்டு அவளுக்குப் பாடம் நடத்தினா எப்படி?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தலைமை ஆசிரியர், "நீங்களே ஒரு யோசனை சொல்லுங்கம்மா" என்றார். எனக்கு யோசனை எல்லாம் தெரியாது. பையன்களும் உட்காரணும், தாய்மாரும் உட்காரணும், ஒரு நாளோட முடியக்கூடாது, இவ்வளவுதான் சொன்னேன். பேனர் வேண்டாம் என்றும் சொன்னேன், அந்தக் காசுக்கு வேறு எதையாவது வாங்கலாம்.

இப்போது மாசத்துக்கு ரெண்டு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு அதற்குத்தான். ஹைடெக் லேபில் கம்ப்யூட்டர் பார்க்கிற அந்த வகுப்பு டீச்சரே நடத்துகிறார்கள். முதல் வகுப்பு நடந்தபோது நாங்கள் ஏழு தாய்மார் பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். டீச்சர் போனையோ கம்ப்யூட்டரையோ தொடவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில், இல்லாத ஒரு பையனைப் பற்றி ஒரு வரி எழுதினார்கள். 'அவன் ராத்திரி பாயில் மூத்திரம் போவான்.' இதைப் பார்த்து ரெண்டு சீட்டில் எழுதி ரெண்டு பேரிடம் கொடு, வாங்கினவன் திரும்ப ரெண்டு சீட்டு எழுது என்று முதல் பெஞ்சில் கொடுத்தார்கள். வகுப்பே சிரிப்பு. பத்து நிமிஷம் கழித்து, "சரி, இப்பம் எல்லாச் சீட்டையும் திருப்பிக் கொண்டு வாங்க, ஒண்ணுகூட விடக்கூடாது" என்றார்கள். ஒருத்தன் ஜன்னல் வழியா வெளியே போட்டிருந்தான். ஒருத்தி புத்தகத்துக்குள் வைத்து, எந்தப் புத்தகம் என்று மறந்துபோனாள். ரெண்டு சீட்டு பக்கத்து வகுப்புக்குப் போய்விட்டது. எத்தனை சீட்டு எழுதினோம் என்றே யாருக்கும் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. டீச்சர் கேட்டார்கள், "அந்தப் பையன் நீங்களா இருந்தா, ராத்திரி வீட்டுக்குப் போயி என்ன செய்வீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. என் மகன் தலை குனிந்து டெஸ்க்கைச் சுரண்டிக்கொண்டு இருந்ததை நான் பின்னால் இருந்து பார்த்தேன்.

'எல்லாரிடமும் இருந்து அழி' என்று வாட்ஸ்அப்பில் ஒன்று இருக்கிறதே, அதை நம்பித்தான் பிள்ளைகள் எதையும் அனுப்புகிறார்கள். ஒருத்தர் அதைச் சேமித்து வைத்துவிட்டால் நாம் அழித்தாலும் அது அங்கேயே கிடக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரியும். அடுத்தவர் போட்டோவை எடுக்கிறதுக்கு முன்னால் கேட்கணும், அனுப்புகிறதுக்கு முன்னால் இன்னொரு தடவை கேட்கணும், ஒரு செய்தி வந்தால் முதலில் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று தேடணும். டீச்சர் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான், பெரிய படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. படிப்பறிவில் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். அந்த ஸ்டிக்கரில் கெட்ட வார்த்தையை எழுத்துப்பிழை இல்லாமல்தான் எழுதியிருந்தார்கள்.

களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே இதைப் பள்ளிக்கூடப் பாடமாகவே வைத்துவிட்டார்கள். 2018-இல் கண்ணூர் மாவட்டத்தில் கலெக்டராக இருந்த மீர் முகம்மது அலி என்பவர், 150 அரசுப் பள்ளிகளில் 'சத்யமேவ ஜெயதே' என்ற பேரில் பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று வகுப்பு நடத்த வைத்தார். அவரை அதற்குத் தள்ளியது என்ன தெரியுமா? நான் பயந்தேனே, அதே தட்டம்மை ரூபெல்லா ஊசி. அங்கேயும் வாட்ஸ்அப்பைப் பார்த்துத் தாய் தகப்பன்மார் ஊசி போட விடவில்லை. பெரியவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பதைவிடப் பிள்ளைகளுக்குச் சொன்னால் அதுகள் வீட்டில் போய்ச் சொல்லும் என்று ஆரம்பித்தது. பிறகு 2022-இல் மாநிலம் முழுக்க 5 முதல் 10 வரை படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2024-இல் 5, 7-ஆம் வகுப்புக் கம்ப்யூட்டர் புத்தகத்திலேயே வந்துவிட்டது. பாறசாலையில் கட்டிக்கொடுத்த என் நாத்தனார் மகள் இங்கே வந்திருந்தபோது, என் மாமியார் போனில் வந்த ஒரு போட்டோவைப் பார்த்து, "ஆச்சி, இது பழைய படம், வேற நாட்டுல எடுத்தது" என்று ரெண்டு நிமிஷத்தில் தேடிக் காட்டினாள். நம்ம பிள்ளைகளுக்கும் அந்தப் பாடம் புத்தகத்தில் வரணும். ஒரு டீச்சர் மனசு வைத்தால் நடக்கும், அவர்கள் மாறிப்போனால் நின்றுபோகும் என்று இருக்கக்கூடாது. கூட்டமைப்பு சார்பாக மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு கொடுக்கலாம் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு சங்கதி. இதைச் சொல்லும்போது சின்னப் பிள்ளைகள் வெளியே விளையாடட்டும்.

2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், நாகர்கோவிலில் ஒருவன் கைதானது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன் பேரைச் சொல்லி அவனைப் பெரிய ஆளாக்க எனக்கு விருப்பம் இல்லை. பேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பெண்களிடம் பழகி, படம் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டினவன். சென்னையில் இருந்து ஒரு பெண் மருத்துவர் புகார் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்தச் செய்தி வந்த நாள்களில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாம் என்ன பேசினோம்? "அவளுவ ஏன் பேசப் போனாளுவ" என்றுதான் பேசினோம். நானும் பேசினேன். முதலிலேயே ஒரு பிள்ளை தன் அம்மாவிடம் வந்து சொல்லியிருந்தால் அடுத்தவள் தப்பியிருப்பாள். ஆனால் சொன்னால் அம்மா என்ன கேட்பாள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். நம்ம வாயைத்தான் அதுகள் தினமும் கேட்கிறதே. அவன் வைத்து மிரட்டினது படத்தை மட்டுமா, நம்ம வாயையும் சேர்த்துத்தான்.

அதனால் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு நல்லாச் சொல்லிக் கொடுத்தாலும், வீட்டில் வந்து சொன்னால் அடியும் போன் பறிப்பும்தான் என்றால் பிள்ளை சொல்லாது. என் மகனிடம் நான் ஒரு சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். போனில் என்ன வந்தாலும், நீயே தப்புச் செய்திருந்தாலும், என்னிடம் வந்து சொன்னால் அன்றைக்கு அடிக்க மாட்டேன். மறுநாளைக்கு உண்டு என்று அவனே சேர்த்துச் சொல்லிச் சிரித்தான். பரவாயில்லை.

யாராவது மிரட்டினால், அசிங்கமான படம் வந்தால், பயந்துபோய் உடனே அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நம்பர், தேதி, நேரம் எழுதி வையுங்கள். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஒரு தடவை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான். பிள்ளைகள் விஷயம் என்றால் 1098. பணம் போய்விட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930. பெண்களுக்கு 181. நாகர்கோவிலில் சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் தனியாக இருக்கிறது. சின்னப் பிள்ளைகளின் ஆபாசப் படத்தை அனுப்பினால் முதல் தடவைக்கே 5 வருஷம் வரை ஜெயில் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி சொல்கிறது. அனுப்பாமல் போனில் சும்மா வைத்திருந்தாலும் குற்றம்தான் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிட நம் ஆண் பிள்ளைகளுக்கு, கல்யாணம் ஆகாத தம்பிமாருக்கு, ஏன், நம் வீட்டுக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.

அந்தப் பிள்ளை வீட்டுக்கு நானும் மகனும் போனோம். முதல் நாள் அவள் அம்மா கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். திறக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ரெண்டாம் நாள் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள். என் மகன் பேச்சு வராமல் நின்றான். எழுதிக் கொண்டுபோன காகிதத்தை நீட்டினான். அந்தப் பிள்ளை அதை வாங்கவில்லை. அவள் அம்மாதான் வாங்கி, படித்துவிட்டு, "மக்களே, நீ மன்னிப்புக் கேட்டுட்டா. அது எத்தனை போன்ல இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்றார்கள். அவன் மறுநாளில் இருந்து ஒவ்வொருத்தன் வீடாகப் போய் அதை அழிக்கச் சொன்னான். பதினாலு பேர் அழித்தார்கள். ரெண்டு பேர் அவனைக் கேலி செய்து விரட்டினார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் வருகிறது. போன மாசம் வகுப்புப் போட்டோ எடுத்தபோது உயரம் கம்மியான பிள்ளை முன் வரிசையில் நிற்க வேண்டியது, அது கடைசியில் போய் நின்றது. டீச்சரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் விட்டது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

எங்கள் குழுவில் போன கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம். உறுப்பினர் யாருடைய போட்டோவையும், தவணை விவரத்தையும் அவரைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. பதிமூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். எழுதும்போதே ஒரு அக்கா கேட்டாள், "அப்பம் பாக்கி வைக்கிறவள எப்படிக் கேக்கது?" வீட்டுக்குப் போய்க் கேட்போம், முன்னால் எல்லாம் அப்படித்தானே கேட்டோம் என்றேன். அவளுக்கு அது முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள்.

பட்டுச்சேலை போட்டோவில் இருந்த அந்தத் தங்கச்சி இன்றைக்கு இந்த விழாவுக்கு வரவில்லை. அழைப்பிதழ் கொடுக்கவே எங்களுக்குத் தைரியம் வரவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை நானும் ஊக்குநர் அக்காவும் அவள் வீட்டுக்குப் போகிறோம். என் மகனும் வருகிறேன் என்கிறான். கதவு திறப்பாளா என்று தெரியாது.